கவுன்சில் வரி பாக்கி: கவுன்சிலின் கை எதுவரை நீளும்?

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து வாடகை வீடு பிடித்தவர்களுக்கு மின்கட்டணம் குழப்பமில்லை, பயன்படுத்தினோம், கட்டுகிறோம். கவுன்சில் வரிதான் திகைக்க வைக்கிறது. வீடு நம்முடையதல்ல, வாடகையும் கொடுத்தாயிற்று, பிறகு வரி எதற்காக நம் பெயருக்கு வருகிறது? ஊரில் வீட்டு வரியை வீட்டுக்காரர்தான் கட்டுவார். இங்கே பெரும்பாலும் குடியிருப்பவர் கட்ட வேண்டும். இது தெரியாமல் முதல் ஒன்றிரண்டு கடிதங்கள் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகின்றன. அடுத்த கடிதம் நீதிமன்றத்தின் பெயரைத் தாங்கி வரும்போது ஆளுக்கு ஆள் யோசனை சொல்லத் தொடங்குகிறார்கள். ஒரு சாரார், "கதவை உடைத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போய்விடுவார்கள்" என்கிறார்கள். இன்னொரு சாரார், "கவுன்சிலோடு நீங்கள் ஒப்பந்தம் எதுவும் போடவில்லை, கட்டவே வேண்டாம்" என்கிறார்கள். இரண்டுமே தவறு. இரண்டாவது யோசனையால் வரும் செலவு அதிகம்.

கவுன்சில் என்பது நாடாளுமன்றம் சட்டம் போட்டு உருவாக்கிய உள்ளாட்சி அமைப்பு. சட்டம் கொடுக்காத அதிகாரம் அதற்குக் கிடையாது. லண்டனின் ரிச்மண்ட் கவுன்சில், கட்டட அனுமதி பற்றி முன்கூட்டியே ஆலோசனை கேட்க வந்தவர்களிடம் 25 பவுண்டு கட்டணம் வாங்கியது. சட்டத்தில் இடமில்லாத கட்டணம் அது என்று 1991-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதைச் செல்லாததாக்கியது. 25 பவுண்டுக்கே அப்படி என்றால், வரி வசூலில் அடுத்தவர் வீட்டு வாசல்வரை போகும் அதிகாரத்துக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுப்பாடுகள் 1992-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்திலும், அதே ஆண்டில் வந்த வசூல் விதிகளிலும், பாக்கிக்காகப் பொருளைக் கைப்பற்ற வீட்டுக்கு வரும் பெய்லிஃப்கள் பற்றிய 2013, 2014-ஆம் ஆண்டு விதிகளிலும் இருக்கின்றன. கவுன்சில் ஒவ்வொரு கட்டத்தையும் முறையாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போக முடியும். எந்தக் கட்டத்தில் நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் செலவு கூடும் அல்லது குறையும்.

இங்கே சொல்பவை இங்கிலாந்துக்குரியவை. வேல்ஸில் பெரும்பாலும் இதே முறைதான், சில வேறுபாடுகளை ஆங்காங்கே சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் வசூல் முறை தனி. வட அயர்லாந்தில் கவுன்சில் வரியே இல்லை, அங்கே இருப்பது பழைய 'ரேட்ஸ்' முறை.

முதல் வேலை: பில் உங்களுடையதுதானா என்று பாருங்கள்

வசூலைத் தடுக்க வழி தேடுவதற்கு முன், கடனே உங்களுடையதா என்று பார்ப்பது நல்லது. புதிதாக வந்தவர்களின் பில்லில் தவறு இருக்க வாய்ப்பு அதிகம்.

ஈஸ்ட் ஹாமிலோ இல்ஃபோர்டிலோ வெம்ப்ளியிலோ ஒரு வீட்டின் அறைகளைத் தனித்தனி ஒப்பந்தத்தில் பலருக்கு விடுவது சகஜம். அப்படிப்பட்ட பகிர்வு வீட்டை 'எச்எம்ஓ' என்பார்கள். அங்கே வரிக்குப் பொறுப்பு வீட்டு உரிமையாளர். அறைக்கு மட்டும் வாடகை கொடுத்துவிட்டு, முழு வீட்டுக்கும் வந்த பில்லைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, நாலு பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் நாலு பேரும் கூட்டாகப் பொறுப்பு. மூவர் காணாமல் போனாலும் நாலாமவரிடம் முழுத் தொகையையும் கேட்க கவுன்சிலுக்கு உரிமை உண்டு. கணவன் மனைவிக்கும் இதே கூட்டுப் பொறுப்புதான்.

வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டுமே இருந்தால் 25 விழுக்காடு தள்ளுபடி. வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் முழுநேர மாணவர்களாக இருந்தால் வரியே இல்லை. பல்கலைக்கழகத்திடம் சான்று வாங்கிக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். மாணவரின் கணவனோ மனைவியோ பிரிட்டிஷ் குடிமகன் அல்லாதவராக இருந்து, சம்பளத்துக்கு வேலை செய்யவோ அரசு உதவித்தொகை பெறவோ விசா நிபந்தனை தடை போட்டிருந்தால், அவரும் வரிக் கணக்கில் சேரமாட்டார். தடைகளில் ஒன்று இருந்தாலே போதும் என்பதைக் கவனியுங்கள். வேலை செய்ய அனுமதி உள்ள துணைவர் என்பதாலேயே இந்தச் சலுகை போய்விடாது. கவுன்சில் அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். எழுத்தில் கேளுங்கள்.

விசாவில் 'பொது நிதி பெற இயலாது', அதாவது அரசு உதவித்தொகைகள் பெறக்கூடாது என்ற நிபந்தனை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வருமானம் குறைந்தவர்களுக்கான 'கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன்' பொது நிதிக் கணக்கில் வரும். அதற்கு விண்ணப்பித்தால் விசாவுக்குச் சிக்கல். தனியாள் தள்ளுபடியும் மாணவர் விலக்கும் பொது நிதி அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, உரிமையுள்ள 25 விழுக்காட்டைக்கூடக் கேட்காமல் பயந்து இருப்பவர்கள் பலர்.

அந்த நிபந்தனை இல்லாதவர்கள் ரிடக்‌ஷனுக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஊருக்குப் புதியவர் என்பதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. சாண்ட்வெல் கவுன்சில், தன் எல்லைக்குள் இரண்டு ஆண்டு வசித்தவர்களுக்கே இந்தக் குறைப்பு என்று விதி வைத்திருந்தது. 2014-இல் உயர் நீதிமன்றம் அந்த விதி சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

பில் தவறு என்று தோன்றினால், கவுன்சிலுக்குத் தேதியிட்டு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, காரணத்தைச் சொல்லுங்கள். பதில் சொல்ல அதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. மறுத்தால் மறுத்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள், பதிலே வராவிட்டால் நீங்கள் எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள், 'வேல்யுவேஷன் ட்ரிப்யூனல்' என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. யார் பொறுப்பு, என்ன தள்ளுபடி என்ற சண்டைகளைத் தீர்க்கும் இடம் இதுதான். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போய் இதைச் சொன்னால், "இது எங்கள் வேலையல்ல" என்பார்கள்.

இரண்டாவது: நினைவூட்டல் கடிதம்

வரியை வழக்கமாக ஏப்ரலிலிருந்து பத்துத் தவணையாகப் பிரிப்பார்கள். பன்னிரண்டாகப் பிரித்துத் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாதச் சம்பளக்காரர்களுக்கு அதுவே வசதி.

ஒரு தவணை தவறினால் கவுன்சில் நேராக நீதிமன்றத்துக்கு ஓட முடியாது. முதலில் நினைவூட்டல் அனுப்ப வேண்டும். 1992 விதிகளின்படி அதில் ஏழு நாள் கெடு. கட்டாமல் மேலும் ஏழு நாள் கழிந்தால், தவணைச் சலுகை போய், ஆண்டின் மிச்சத் தொகை முழுவதையும் ஒரே வீச்சில் கேட்கலாம். ஓர் ஆண்டில் இரண்டு நினைவூட்டல்கள்தாம். மூன்றாம் முறை தவறினால் நேரே இறுதி அறிவிப்பு. இந்தக் கெடுக்களும் தவணை முறையும் மிகக் கடுமையானவை என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. அரசே 2025-இல் இவற்றைத் தளர்த்துவது பற்றிக் கருத்துக் கேட்டது. எனவே உங்கள் கையில் உள்ள கடிதத்தில் அச்சிட்டிருக்கும் தேதியையே கெடுவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் காரியம், இரண்டு மாதம் கழித்து நானூறு பவுண்டு கூடுதலாகத் தின்னும்.

மூன்றாவது: சம்மன்

சம்மன் உங்களுக்குச் சேர்ந்த நாளுக்கும் விசாரணை நாளுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும். வரி கட்ட வேண்டிய நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் கவுன்சில் நீதிமன்றத்தை அணுகியிருக்க வேண்டும். இந்த ஆறு ஆண்டைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நீதிமன்றத்தில் ஆணை வாங்குவதற்குத்தான் அந்த வரம்பு. வாங்கிய பிறகு, 'ஆறு ஆண்டு ஓடிவிட்டது, கடன் செத்துவிட்டது' என்று சொல்ல முடியாது.

நீதிமன்றத்தில் நடப்பது நம் மனத்தில் இருக்கும் வழக்குக் காட்சி அல்ல. நூற்றுக்கணக்கான பெயர்கள் கொண்ட பட்டியல் ஒரே அமர்வில் ஓடும். வராதவர்கள் மேல் மொத்தமாக ஆணை பிறக்கும். வரிக்கு நீங்கள் பொறுப்பு என்று சொல்லும் அந்த ஆணையின் பெயர் 'லயபிலிட்டி ஆர்டர்'. இது குற்றத் தீர்ப்பல்ல. கடன் வரலாற்றுப் பதிவுகளிலும் ஏறாது. ஆனால் வசூல் அதிகாரங்கள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

அங்கே எடுபடும் வாதங்கள் சில உண்டு: பில்லோ நினைவூட்டலோ முறைப்படி அனுப்பப்படவில்லை, தொகை ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது, ஆறு ஆண்டு கடந்துவிட்டது. 'பணமில்லை' என்பது அங்கே வாதமாகாது. 'சம்மனில் நீதிபதியின் மை கையெழுத்து இல்லை', 'நான் கவுன்சிலுடன் ஒப்பந்தம் செய்யவில்லை', 'என் பெயர் பெரிய எழுத்தில் இருப்பதால் அது நான் அல்ல' என்று இணையத்தில் விற்கப்படும் மந்திரங்களும் எடுபடாது. கவுன்சில் வரி ஒப்பந்தக் கடன் அல்ல, சட்டம் சுமத்துவது. சம்மன் காகிதத்தைக் கவுன்சிலே அச்சடித்து அனுப்புவதும் நடைமுறைதான். இந்த வாதங்களோடு போய் நிற்பவர்கள் வரியோடு செலவுத் தொகையையும் சுமந்துகொண்டு திரும்புகிறார்கள்.

செலவுத் தொகை பற்றி ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. ஹாரிங்கே கவுன்சில் ஒவ்வொரு சம்மனுக்கும் 125 பவுண்டு கேட்டுவந்தது. பால் நிக்கல்சன் என்ற பாதிரியார், ஏழைகளுக்கான வரிக்குறைப்பை வெட்டியதை எதிர்த்துத் தன் வரியைக் கட்ட மறுத்து, டாட்டன்ஹாம் நீதிமன்றத்தில் ஒரு கேள்வி கேட்டார்: இந்த 125 எப்படி வந்தது? மாஜிஸ்திரேட்டுகள் அதை ஆராயாமல் ஆணையிட்டார்கள். 2015-இல் உயர் நீதிமன்றம், நியாயமாகச் செலவான தொகையை மட்டுமே கேட்கலாம், கணக்கைப் பார்க்காமல் உத்தரவிட்டது சட்டவிரோதம் என்றது. வரி கட்ட மறுத்ததை நான் பரிந்துரைக்கமாட்டேன். கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேல்ஸில் இதற்கு 70 பவுண்டு உச்சவரம்பு உண்டு, இங்கிலாந்தில் எண்ணாக ஒரு வரம்பு இல்லை.

நான்காவது: ஆணைக்குப் பிறகு கவுன்சில் எடுக்கக்கூடிய வழிகள்

ஆணை வந்ததும் வேலை, சம்பளம் பற்றிய விவரம் கேட்டு ஒரு படிவம் வரும். 14 நாளில் நிரப்பி அனுப்புவது கட்டாயம். அனுப்பாமல் இருப்பது குற்றமாகும். அதன் பிறகு கவுன்சில் சம்பளத்தில் பிடிக்கலாம், உதவித்தொகையில் பிடிக்கலாம், பெய்லிஃபை அனுப்பலாம், பாக்கி 1,000 பவுண்டை எட்டினால் சொந்த வீட்டின் மேல் கடன்பதிவு கோரலாம், 5,000 பவுண்டை எட்டினால் திவால் மனு போடலாம். ஒரே ஆணைக்காக ஒரே நேரத்தில் இவற்றில் இரண்டை ஏவ முடியாது. சம்பளப் பிடித்தம் நடந்துகொண்டிருக்கும்போதே அதே பாக்கிக்காகப் பெய்லிஃப் வந்தால், கவுன்சிலை அழைத்து ஆணை எண்ணைச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணத்தை உருவிக்கொள்ளும் அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை.

சம்பளப் பிடித்தத்தின் விகிதத்தை முதலாளியோ கவுன்சிலோ நிர்ணயிப்பதில்லை, அட்டவணைதான் நிர்ணயிக்கிறது. 2007 அட்டவணைப்படி, கைக்கு வரும் மாதச் சம்பளம் 300 பவுண்டுக்குள் இருந்தால் பிடித்தமே இல்லை. 1,420-க்கும் 2,020-க்கும் இடையே இருந்தால் 17 விழுக்காடு. 2,020-க்கு மேல் உள்ள பகுதியில் பாதி போய்விடும். ஒரே சமயத்தில் இரண்டு பிடித்தம் செய்யும் ஆணைகளுக்கு மேல் ஓடக்கூடாது. முதலாளி தன் சிரமத்துக்கென ஒவ்வொரு பிடித்தத்துக்கும் ஒரு பவுண்டு எடுத்துக்கொள்ளலாம்.

சொந்த வீடு வாங்கியவர்கள் பெய்லிஃபைக் கண்டு நடுங்குகிறார்கள். அவர்கள் உண்மையில் நடுங்க வேண்டியது திவால் மனுவுக்கு. அதில் சேரும், திவாலானவரின் சொத்தை நிர்வகிக்கும் அறங்காவலரின் கட்டணமும் வழக்குச் செலவும் மூலக் கடனைப் பல மடங்கு தாண்டிவிடும். அந்த மிரட்டல் கடிதம் வந்தால் அன்றே ஆலோசகரைப் பாருங்கள்.

ஐந்தாவது: வாசலில் பெய்லிஃப்

கடிதங்களில் இவரை 'என்ஃபோர்ஸ்மென்ட் ஏஜென்ட்' என்று எழுதுவார்கள். கவுன்டி நீதிமன்றம் தந்த சான்றிதழ் இல்லாமல் இந்த வேலை செய்யக்கூடாது. சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியல் நீதித்துறையின் இணையதளத்தில் இருக்கிறது. வந்தவரின் பெயரைக் கேட்டு, கதவைத் திறக்காமலேயே சரிபார்த்துவிடலாம்.

வருவதற்கு முன் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். இடையே ஏழு முழு நாட்கள், ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் சேராது. காலை 6 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் வரக்கூடாது.

இனி முக்கியமான விஷயம். கவுன்சில் வரிக்காக முதல் முறை வரும் பெய்லிஃபுக்குப் பலவந்தமாக உள்ளே நுழையும் உரிமை இல்லை. கதவை உடைக்க முடியாது, பூட்டுத் திறப்பவரை அழைத்துவர முடியாது, ஜன்னல் வழியாக ஏற முடியாது, கதவிடுக்கில் காலை வைத்துத் தள்ள முடியாது. திறந்திருக்கும் கதவு வழியாகவோ நீங்கள் அழைத்தோ மட்டுமே அவர் உள்ளே வரலாம். பூட்டாத கதவைத் தானே திறந்துகொண்டு வந்தாலும் அது 'அமைதியான நுழைவு' ஆகிவிடும். ஆகவே பூட்டி வையுங்கள், சங்கிலி போட்டுக்கூடப் பேசாதீர்கள், அஞ்சல் துளை வழியாகவோ மாடி ஜன்னலிலிருந்தோ பேசுங்கள். வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்திப் பேசுவது நமக்குக் கூச்சமாக இருக்கும். 'உள்ளே வாருங்கள், உட்காருங்கள்' என்று வாயில் வந்துவிடும். இந்த ஒருவரிடம் அந்த உபசாரம் வேண்டாம். ஏனென்றால் உள்ளே வந்து பொருட்களைக் குறித்துக்கொண்டு, 'கன்ட்ரோல்ட் கூட்ஸ் அக்ரிமென்ட்' என்ற தாளில் உங்கள் கையெழுத்தையும் வாங்கிவிட்டால், தவணை தவறும்போது முறையான அறிவிப்புக் கொடுத்துப் பலவந்தமாகவே திரும்ப நுழையலாம். நீதிமன்ற அபராதம் வசூலிக்க வருபவருக்கு விதி வேறு. எந்தக் கடனுக்காக வந்திருக்கிறார் என்பதை முதலில் கேட்டுவிடுங்கள்.

போலீஸ் கூட வந்திருந்தால் பதற வேண்டாம். கைகலப்பு நடக்காமல் பார்ப்பது மட்டுமே அவர்கள் வேலை. பெய்லிஃபுக்குக் கதவு திறந்து கொடுப்பது அவர்கள் வேலை அல்ல.

16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் மட்டுமே வீட்டில் இருந்தால் பெய்லிஃப் நுழையக்கூடாது. எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் ('வல்னரபிள்') என்று கருதத்தக்க ஒருவர் தனியே இருந்தாலும் அப்படியே. 2014-இல் வெளியான தேசியத் தர விதிகள் இந்த வகையில், ஆங்கிலம் பேசவோ படிக்கவோ வெளிப்படையாகச் சிரமப்படுபவர்களையும் சேர்த்திருக்கின்றன. ஊரிலிருந்து வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா அப்பாவுக்கு இது பொருந்தக்கூடும். பாக்கிக்காரரே அப்படிப்பட்டவராக இருந்து, உதவி தேடிக்கொள்ளப் போதிய வாய்ப்புத் தரப்படவில்லை என்றால், வருகைக் கட்டணத்தை அவரிடம் வசூலிக்கவும் முடியாது. 'வல்னரபிள்' என்ற சொல்லைக் கடிதத்தில் அப்படியே எழுதி, காரணத்தையும் சொல்லுங்கள்.

எடுக்கக்கூடாத பொருட்கள்: அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், குடும்பத்துக்குப் போதுமான படுக்கை, சாப்பாட்டு மேசை நாற்காலிகள், தொலைபேசி, மருத்துவச் சாதனங்கள். தொழிலுக்கு அவசியமான கருவிகள், கணினி, வாகனம் ஆகியவை மொத்தம் 1,350 பவுண்டு மதிப்புவரை. மாற்றுத்திறனாளிக்கான நீல அட்டை செல்லுபடியாகும் வாகனத்தைத் தொடக்கூடாது. தொலைக்காட்சியும் நகையும் விலக்குப் பட்டியலில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். வீட்டுக்காரரின் தளவாடங்கள், அறைத்தோழரின் மடிக்கணினி, தவணை முடியாத கார் ஆகியவை உங்கள் சொத்தல்ல, அவற்றையும் எடுக்க முடியாது. ரசீதையும் வாடகை ஒப்பந்தத்தோடு வந்த பொருள் பட்டியலையும் காட்டத் தயாராக வைத்திருங்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது வாசலில் நிற்கும் கார்தான். வீட்டுக்குள் வர முடியாதவர் தெருவில் நிற்கும் காருக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்.

கட்டணத்தைச் சட்டம்தான் வகுத்திருக்கிறது. 2014 விதிகளின்படி, வழக்கு பெய்லிஃப் நிறுவனத்துக்குப் போனதுமே 75 பவுண்டு. ஆள் வீட்டுக்கு வந்தால் மேலும் 235, கூடவே 1,500-க்கு மேற்பட்ட கடன் பகுதியில் 7.5 விழுக்காடு. பொருளை விற்கும் கட்டம் வந்தால் இன்னும் 110, அதன் மேலும் அதே விழுக்காடு. கடிதக் கட்டணம், தொலைபேசிக் கட்டணம் என்று தனியே கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. இப்போதைய அட்டவணையை அரசின் இணையதளத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். முதல் கடிதம் வந்த வாரத்திலேயே தவணை பேசி முடித்தால் 235 மிச்சம்.

சிறை?

மிரட்டலுக்கு அதிகம் பயன்படும் சொல் இது, நடப்பது அபூர்வம். வேல்ஸ் 2019 ஏப்ரலில் இதை ஒழித்துவிட்டது. இங்கிலாந்தில் உச்சபட்சம் மூன்று மாதம். அதற்கும் முன் பெய்லிஃப் முயன்று போதிய பொருள் கிடைக்காமல் போயிருக்க வேண்டும், நீங்கள் நேரில் நிற்க நீதிமன்றம் உங்கள் வரவு செலவை விசாரித்திருக்க வேண்டும், பணம் இருந்தும் வேண்டுமென்றே மறுத்தீர்கள் அல்லது குற்றமாகக் கருதத்தக்க அலட்சியம் காட்டினீர்கள் என்று முடிவுக்கு வந்திருக்க வேண்டும். இல்லாமையால் கட்டாதவரைச் சிறையில் போட முடியாது. சவுத் வேல்ஸில் ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட 81 நாள் சிறைத் தண்டனையை, இந்த விசாரணை சரியாக நடக்கவில்லை என்பதால் 2017-இல் உயர் நீதிமன்றம் சட்டவிரோதமானது என்று அறிவித்தது. விசாரணைக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள், அங்கே இலவசமாகவே சட்ட உதவி கிடைக்கக்கூடும்.

எந்தக் கட்டத்திலும் போடக்கூடிய தடைகள்

சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன் ஆகிய இலவச அமைப்புகளின் கடன் ஆலோசகர் வழியாக 'ப்ரீதிங் ஸ்பேஸ்' கேட்கலாம். 2021 மே மாதம் தொடங்கிய திட்டம் இது. 60 நாள் வரை பெய்லிஃபும் வசூல் கடிதமும் நிற்க வேண்டும். நடப்புத் தவணைகளை மட்டும் விடாமல் கட்டி வாருங்கள்.

நிலைமை மிக மோசமானால், 1992 சட்டத்தின் 13ஏ(1)(சி) பிரிவின் கீழ் பாக்கியைக் குறைக்கவோ முழுதும் தள்ளவோ கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. 'எங்களிடம் அப்படி ஒரு திட்டமே இல்லை' என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பரிசீலித்தாக வேண்டும், மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பொது நிதித் தடை உள்ளவர்கள் இதைக் கேட்கும் முன் குடிவரவு ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

சம்மன் பழைய முகவரிக்குப் போய், உங்களுக்குத் தெரியாமலே ஆணை பிறந்திருந்தால் அதை நீக்கக் கோரலாம். அடிக்கடி வீடு மாறும் நம்மவர்களுக்கு இது நேர்வதுண்டு. முதலில் கவுன்சிலே நீதிமன்றத்திடம் கேட்டு நீக்கும்படி எழுதுங்கள். அது மறுத்தால், நீங்களே நேரடியாக நீதிமன்றத்தை அணுகலாம். நியூஹாம் கவுன்சில் தொடர்பான 2008 வழக்கில் உயர் நீதிமன்றம் இதற்கு மூன்று நிபந்தனைகள் சொன்னது: கடன் பற்றி வாதிடத்தக்க உண்மையான தகராறு இருக்க வேண்டும், நடைமுறையில் கணிசமான பிழை நேர்ந்திருக்க வேண்டும், விஷயம் தெரிந்ததும் தாமதிக்காமல் வந்திருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பலர் தோற்கிறார்கள்.

பெய்லிஃப் வரம்பு மீறினால் நிறுவனத்திடம் மட்டும் புகார் சொல்லி நிற்காதீர்கள். அவர் கவுன்சிலின் சார்பில் வந்தவர். அவர் செய்ததற்குக் கவுன்சில் பொறுப்பு. கதவுக்கு உள்ளிருந்தே கைபேசியில் பதிவு செய்யுங்கள், தேதியும் நேரமும் குறியுங்கள், கவுன்சிலின் புகார் நடைமுறையை முடியுங்கள். அதிலும் தீராவிட்டால் உள்ளாட்சிக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை. விஷயம் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.